எங்கள் ஊர்க் காந்தாரம்

ஜாவாவுக்கு வந்த புதிதில், எதிர்வீட்டில் கமெலான் வாசிக்கத் தொடங்கினால் நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன். வெண்கலப் பட்டைகளை மரச் சுத்தியலால் தட்டி வாசிப்பது அது. பெலோக் என்று ஒரு சுர வரிசை. நமக்கும் ஏழு சுரம், அவர்களுக்கும் ஏழு சுரம். ஆனால் ஒன்றாவது நாம் எதிர்பார்க்கிற இடத்தில் வந்து நிற்க வேண்டுமே! ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "இதைச் சரிபண்ண ஆள் எப்போது வருவார்?" என்று எதிர்வீட்டம்மா இபு ஸ்ரீயிடம் அரைகுறை மொழியில் கேட்டேன். அங்கே விளையாடப் போகும் என் மகள் எதையோ உடைத்துவிட்டாள் என்று நினைத்து, பாவம், ஒவ்வொரு பட்டையாகத் தட்டிப் பார்த்தார். "எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது?" என்றார். பக்கத்து ஊர் செட்டில் இந்த ஏழுக்கும் இடைவெளியே வேறாம். அங்கிருந்து ஒரு பட்டையை இரவல் வாங்கி இங்கே வைக்க முடியாதாம்.

எங்களுக்கு மரக்காணம் பக்கத்தில் அனுமந்தை. கணவருக்கு இங்கே இறால் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில் வேலை. ஊரில் எங்கள் மாதா கோயிலில் ஒரு பழைய ஆர்மோனியம் உண்டு. உப்புக்காற்றில் களிம்பேறி, அதன் காந்தார சுரம் மட்டும் கொஞ்சம் இறங்கிப்போயிருந்தது. யாரும் அதைக் குறையென்று சொன்னதில்லை. எங்கள் தொண்டைதான் அதற்குப் பழகிக்கொண்டது. வாரமெல்லாம் உப்பு வாரினாலும் ஞாயிற்றுக்கிழமை பாட்டெடுத்துக் கொடுப்பது என் அம்மாதான். திண்டிவனத்தில் கல்லூரியில் சேர்ந்தபோது, சுருதி நிற்கவில்லை என்று பாட்டுக்குழுவில் என்னைப் பாடவிடாமல் உட்காரவைத்துவிட்டார்கள். ஊரே ஒரு சுரத்தைத் தாழ்த்திப் பாடுகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பெரும்பாடுபட்டுத் திருத்திக்கொண்டேன்.

இந்த வருஷம் கோயிலுக்குக் கீபோர்டு வந்துவிட்டது. அம்மா பாட்டையே நிறுத்திவிட்டாள்.

"நான் பாடுனா பசங்க சிரிக்குதுங்கடி. கீபோர்டு ஒரு பக்கம் போவுது, நான் ஒரு பக்கம் போறேன். எனக்கு எதுக்கு?"

போனில் அம்மா இப்படிச் சொன்னாள். அம்மா பாடாத கிறிஸ்மஸை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எதிரே கமெலான் ஓடிக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் நான் ஜன்னலைச் சாத்துவதில்லை. போனை வெளியே நீட்டினேன்.

"என்னாடி இது, தகரத்தத் தட்றாங்க?"

"இந்த ஊரு சரிகமபதநிம்மா. அடுத்த ஊருல வேற மாதிரி இருக்கும். யாரும் சிரிக்க மாட்டாங்க."

"நெசமாவா?"

"சத்தியமா. நீ பாடும்மா."

கொஞ்சம் தயங்கினாள், கனைத்துக்கொண்டாள், பிறகு பாடியேவிட்டாள். மாட்டுக்கொட்டிலில் பாலன் பிறந்த பாட்டு. அதே இறங்கிய காந்தாரம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இங்கேயே வளர்ந்த என் மகள் ஓடிவந்து மடியில் உட்கார்ந்து கூடவே பாடினாள். வார்த்தை தமிழ், சுரமெல்லாம் எதிர்வீட்டு வெண்கலம்.

"பாப்பா என்னா அழகா பாடுது! நீயும் பாடேண்டி" என்றாள் அம்மா.

வாயைத் திறந்தேன். அம்மாவின் காந்தாரத்துக்கு என் தொண்டை இறங்கவில்லை. மகளுடைய இடத்துக்குப் போகவும் தெரியவில்லை. அவர்கள் இருவரும் பாடட்டும் என்று போனை நடுவில் பிடித்துக்கொண்டிருந்தேன்.