சுறா எண்ணெய்ப் போடியார்

விரலை விட்டு எடுத்தாயிற்று. வண்டி ஒயிலைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்துத் தேய்க்கிறார். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்கிறார். பிறகு நாக்கு நுனியில் தொட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். அந்தக் கண் திறக்கும்வரை நாங்கள் பஸ்ஸுக்குள் வியர்த்து வழிய உட்கார்ந்திருக்க வேண்டும். "பத்தாது. ஒயில்ல பசை இல்ல" என்று கடைசியில் தீர்ப்பு வருகிறது.

இவர்தான் கோணாமலைப் போடியார். மண்டூர்ப் பக்கத்துக்கு முதன்முதலாக மோட்டார் பஸ் கொண்டுவந்த பெருமான். முதலாளியும் அவரே, சாரதியும் அவரே. பின்சில்லுகளைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டியை டிப்ரன்சல் என்பார்கள். அதற்குள் எந்த ஒயிலை ஊற்ற வேண்டும் என்று வண்டியைச் செய்தவர்கள் தகட்டில் பொறித்தே அனுப்பியிருக்கிறார்கள். போடியாருக்கு அது செல்லாது. "குளிர் நாட்டில இருந்து எழுதுறான். அவனுக்கு நம்மட வெயில் தெரியுமா?" என்பார், குடை பிடித்துக்கொண்டு.

கதிரவெளிக் கடற்கரையில் தோணிகளுக்குச் சுறா எண்ணெய் பூசுவதை ஒருமுறை பார்த்துவிட்டார். அன்று பிடித்தது சனியன். "உப்புத் தண்ணிக்கே மரத்தக் காக்கிற எண்ணெய், இரும்பக் காக்காதா?" என்று டிப்ரன்சலில் பாதிக்குப் பாதி கலந்தார். பல்சக்கரங்கள் அலறத் தொடங்கியதும் ஒரு கொத்து மரத்தூளையும் அளந்து உள்ளே தள்ளினார். அலறல் அடங்கியது. நோயாளியின் வாயைப் பொத்திவிட்டு நோய் தீர்ந்தது என்கிற வைத்தியம்! பஸ் நின்ற இடமெல்லாம் பூனைகள் கூடின. என் வேட்டியில் ஏறிய நாற்றம் இன்னும் போகவில்லை.

காத்தான்குடியில் முத்தலிப் காக்காவின் கடையில் சரியான ஒயில் தகரம் தகரமாக இருக்கிறது. "போடியார், டிப்ரன்சலுக்கு இதுதான். மறுகா வேற ஒண்டையும் கலந்திராதீங்க" என்று அவர் படித்துப் படித்துச் சொன்னார். நம்மவர் மூடியைத் திறந்து மோந்தார். "என்ன காக்கா, மணமும் இல்ல, குணமும் இல்ல" என்று தள்ளி வைத்துவிட்டு, வாவியைக் கடந்து ஊர் திரும்பத் தோணி ஏறினார்.

பெருவயல்காரர்களுக்கே உரிய போடியார் என்ற பட்டத்துக்கும் இவருக்கும் ஒரு குண்டுமணி நெல்லளவு சம்பந்தமும் இல்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடும் வயலும் பெண்ணோடு வருகிறவை. மனைவி சீதேவிப்பிள்ளைக்கு ஊர் வயல்வெளியான வட்டையில் மூன்று துண்டு வயல் இருந்தது. முதல் துண்டு பஸ்ஸாயிற்று. விற்ற அன்று வரம்பில் குனிந்து, சேற்றை ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்து, மோந்து, நாக்கில் தொட்டு, "நல்ல மண்" என்று வாங்க வந்தவருக்குச் சாட்சி சொன்னவர் இவர். போன வருஷம் டிப்ரன்சலின் பற்கள் பொடிப்பொடியாயின. புதிது வாங்க இரண்டாம் துண்டும் அதே மாதிரிப் போனது. மிச்சம் ஒன்றுதான். அது மகளின் சீதனம். அதுவும் போனால் அந்தப் பிள்ளையைக் கேட்டு யார் வருவார்கள்?

போன கிழமை அந்த வயலோரமாகவே பஸ் கிறீச்சிட்டு நின்றது. முன் ஆசனத்தில் சீதேவிப்பிள்ளை இருந்தார். போடியார் கீழே படுத்துத் திருகாணியைக் கழற்றினார். மரத்தூளும் சுறா எண்ணெயும் களியாக வழிந்தன. களிக்குள் புது டிப்ரன்சலின் பற்கள் மின்னின.

"இரும்பு சரியில்ல கா. ஒயிலப் பாரு, என்ன நிறம்!" என்றார் மனைவியிடம்.

சீதேவிப்பிள்ளை ஒயிலைப் பார்க்கவில்லை. கதிர் தள்ளக் காத்துக் குடலைப் பருவத்தில் நின்ற வயலைப் பார்த்தார்.

"இதத் தொட உடமாட்டன். இது புள்ளைட."

"ஆர் கா இப்ப தொடப்போறது?"

கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு போடியார் ரோட்டிலிருந்து வரம்பில் இறங்கினார். குனிந்தார். ஈரச் சேற்றை ஒரு சிட்டிகை எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தேய்த்தார், மோந்தார், நாக்கு நுனியில் தொட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.