தையற்கடைக் கணினியில் ஒரு சோதனை

தெருவில் எல்லோருக்கும் அவர் சாயக்காரம்மா. துணி ஆலையில் சாயக் கலவைகளுக்குச் செய்முறை எழுதுவது அவருடைய உத்தியோகம். வீட்டில் எழுதுவது வேறொரு செய்முறை. கணினித் திரையிலுள்ளதை வாய்விட்டுப் படிக்கும் இலவச மென்பொருள் ஒன்றைப் பல ஊர்க்காரர்கள் கூடி உருவாக்குகிறார்கள். அதன் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். அவர்கள் எழுதும் துண்டுகளை எந்த வரிசையில், எவற்றோடு சேர்த்தால் முழு மென்பொருளாகும் என்று கணினிக்குச் சொல்லும் பில்ட் கோப்பு சாயக்காரம்மாவின் பொறுப்பு. அப்படிச் சேர்ப்பதற்குப் பெயர்தான் பில்ட்.

அவருடைய கொழுந்தனுக்குப் பார்வை இல்லை. ஓர் அலுவலகத்தில் வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதுகிறார். அந்த மென்பொருள் பேசினால்தான் அவருக்கு வேலை. அலுவலகக் கணினிகளோ ஒரே மென்பொருள் தொகுப்பிலிருந்துதான் புதுப்பிக்கப்படும். அத்தொகுப்பின் பொறுப்பாளர்களிடமிருந்து சனிக்கிழமை காலை செய்தி வந்தது: உங்கள் மென்பொருள் எங்களிடம் பில்ட் ஆகவில்லை, மாலைக்குள் சரிசெய்யாவிட்டால் புதிய தொகுப்பில் அதற்கு இடமில்லை.

சாயக்காரம்மாவின் கணினியில் அது ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் பில்ட் ஆனது.

"நம்ம வீட்ல ஓடுதுல்ல அண்ணி? கோளாறு அவங்க மெஷின்லன்னு எழுதிப் போடுங்க," என்றார் கொழுந்தன்.

"ஒரே கலவை வேற ஆலையில நிறம் மாறினா, நான் முதல்ல தண்ணியைத்தான் பார்ப்பேன். செய்முறையில தண்ணியை யாரும் எழுதுறதில்ல. கிளம்பு, தையற்கடைக்குப் போவோம்."

பிறர் கணினியை இரவல் வாங்கிச் சோதிப்பது அவர் வழக்கம். தையற்காரரின் பழைய கணினியில் வேண்டியதையெல்லாம் போட்டுக்கொடுத்தவரும் அவரே. கடைக்கு வந்திருந்த புதியதை மட்டும் இன்னும் தொடவில்லை.

"வந்துட்டாங்கய்யா மாமியார்! மருமக வந்து ஒரு வாரம்கூட ஆகல, அதுக்குள்ள குறை கண்டுபிடிக்க!" என்றார் தையற்காரர்.

"மருமக மேல குறை இல்ல. என் பிள்ளை மேலதான் சந்தேகம்."

புதிய கணினியில் பில்ட் பாதியில் நின்றது. பிழைச்செய்தி அது நின்ற படியைக் குற்றம் சொன்னது. சாயக்காரம்மா அதை நம்பாமல் முதற்படியிலிருந்து பார்த்துவந்தார். மென்பொருளுக்கு வேண்டிய உச்சரிப்பு அகராதி அங்கே இல்லை. அவர் வீட்டுக் கணினியில் என்றோ போட்டுவைத்த பிரதி ஒரு மூலையில் கிடந்தது. பில்ட் அதைச் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துக்கொண்டிருந்தது. தையற்கடையின் பழைய கணினியிலும் அதே கதைதான்.

"தண்ணி அகப்பட்டுடுச்சு," என்றார்.

எந்த அகராதி, எந்தப் பதிப்பு, எங்கிருந்து எடுப்பது என்று பில்ட் கோப்பில் எழுதினார். அது கிடைக்காவிட்டால் முதற்படியிலேயே காரணம் சொல்லி நிற்கவேண்டும் என்றும் சேர்த்தார்.

"அம்மா, நான் ஒரு டிசைன் பிரிண்ட் எடுக்கணும். ஆளு வந்து நிக்குது."

"இதோ, முடிஞ்சிடுச்சு."

"இதைத்தான் நானும் என் கஸ்டமர்கிட்ட சொல்றேன். ஒருத்தரும் நம்புறதில்ல."

இம்முறை பில்ட் முழுதாக முடிந்தது. கணினி வாய் திறந்து திரையிலிருந்த சட்டை அளவைப் படித்தது.

"என்னங்க, ஜலதோஷம் பிடிச்ச குரலா இருக்கு!" என்று தையற்காரர் சிரித்தார்.

"இருக்கட்டும்யா. எனக்குச் சோறு போடுற குரல்," என்றார் கொழுந்தன்.

சாயக்காரம்மா வீட்டுக்கு வந்து தம் பழைய அகராதிப் பிரதியை அழித்தார். மீண்டும் பில்ட் செய்து பார்த்தபிறகே திருத்தத்தை அனுப்பினார். மாலைக்கு முன்பே ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது.

அலுவலகக் கணினிகள் புதுப்பிக்கப்பட்ட அன்று, ஆலையிலிருந்து கொழுந்தனுக்குத் தொலைபேசியில் பேசினார்.

"என்ன தம்பி, பேசுதா?"

"பேசுது அண்ணி, நிறுத்தாம பேசுது. புகார் குவிஞ்சு கிடக்கு, அப்புறம் கூப்பிடுறேன்," என்று அவர் வைத்துவிட்டார்.