முப்பத்தொன்றாம் எண் இடத்தில் ஒரு பிறந்தநாள்

பதினான்கு இரவுகள். மிசூரி மாநிலத்தின் தெற்கே, அந்த ஏரிக்கரை முகாமில் ஒரு குடும்பம் தொடர்ந்து தங்க அனுமதி அவ்வளவுதான். அடுத்த நாள் மதியத்துக்குள் கூடாரத்தைச் சுருட்டிவிட வேண்டும். லேசி ஹாட்லி மே மாதத்திலிருந்து ஏழு முறை சுருட்டியிருந்தாள். இந்தக் கரை முகாமில் பதினான்கு, ஏரிக்கு எதிர்க்கரையில் இருக்கும் முகாமில் பதினான்கு, மறுபடி இந்தக் கரை.

லேசிக்கு இருபத்தேழு வயது. ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் காலை ஷிப்ட். கணவன் க்ளின்ட் வீடுகளுக்குக் கூரை போடுகிறவன். மார்ச் மாதம் ஏணியிலிருந்து விழுந்ததில் முதுகு போயிற்று. அதற்கப்புறம் கிடைத்த நாளில் கிடைத்த வேலை. அவர்கள் குடியிருந்த டிரெய்லர் வீடு நின்ற நிலத்தை அதன் சொந்தக்காரர் விற்றார். அதற்குப் பிறகு பார்த்த வீடுகளெல்லாம் முன்பணத்தோடு, முதுகு நேராக இருக்கும் ஓர் ஆளையும் கேட்டன. ஆக, கூடாரம். அவர்களுடைய மகள் ஓக்லிக்கு ஆகஸ்ட் இருபத்து மூன்றாம் தேதி, சனிக்கிழமை, இரண்டு வயது நிறைகிறது.

இதில் ஒரு பார்ட்டி எங்கிருந்து வந்தது என்றால், அது ஒரு பொய்யிலிருந்து வந்தது.

க்ளின்ட்டின் அக்கா மார்லா ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கிறாள். காரில் இரண்டு மணி நேரம். பல் மருத்துவமனை ஒன்றை நிர்வகிக்கிறாள். பிள்ளை இல்லை. ஒரு அறைக்கு மட்டும் எப்போதோ மஞ்சள் பெயின்ட் அடித்து, சும்மா வைத்திருக்கிறாள். ஏப்ரலில், டிரெய்லர் போகப்போகிறது என்று தெரிந்ததும் போன் செய்தாள்.

"குழந்தைய எங்கிட்ட விடுங்க. நீங்க நிமிந்து நின்னதும் வந்து கூட்டிட்டுப் போங்க. இதுல மானக்கேடு ஒண்ணும் இல்ல லேசி."

"வீடு கெடச்சிருச்சு மார்லா. ரெண்டு ரூமு." யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

அந்த வீடு அப்புறம் ஒவ்வொரு போனிலும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. அதற்கு ஒழுகும் குழாய் வந்தது. பிறகு பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். அவருக்கு ராத்திரியெல்லாம் குரைக்கும் ஒரு நாயும் வந்தது.

ஜூலையில் மார்லா, "பொறந்தநாளுக்கு நான் வரேன். வீட்டையும் பாத்த மாதிரி இருக்கும்" என்றாள். லேசி அப்போது முகாமின் குளியலறைக் கட்டடத்தில் நின்றிருந்தாள். போனுக்குச் சார்ஜ் ஏற்ற அங்கே மட்டும்தான் வசதி. எதிரே ஈரச் சுவர், தலைக்கு மேல் கொசு.

"இந்த வருஷம் வீட்டுல வைக்கல. கேம்பிங் தீம். ஏரிக்கரையில வைக்கிறோம். நெஜக் கூடாரமே போடப்போறோம்."

"அட, நல்லாருக்கே. உனக்கு இப்படியெல்லாம் யோசிக்க வரும்னு நான் நெனைக்கவே இல்ல."

அன்று மாலை விஷயத்தைக் கேட்ட க்ளின்ட் கையிலிருந்த பியர் டப்பாவைக் கீழே வைத்தான். "அப்ப மே மாசத்துலேர்ந்து நாம பார்ட்டிதான் நடத்திட்டு இருக்கோமா?"

"சிரிக்காத. அவ வந்து வீடு எங்கன்னு கேட்டா குழந்தையத் தூக்கிட்டுப் போயிருவா."

"அவ ஒண்ணும் பிசாசு இல்ல."

"பிசாசா இருந்தா நான் பயப்படவே மாட்டேன்."

க்ளின்ட் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கோடை முழுக்க அவன் அதிகம் செய்தது அதுதான்.

லேசி பார்ட்டியில் இறங்கினாள். சாப்பாட்டு இடைவேளையில், உடன் வேலை செய்யும் ஷானாவின் போனில் படம் படமாகத் தள்ளிப் பார்த்தாள். கேம்பிங் பிறந்தநாள் என்று தேடினால் கூடாரம் வடிவில் கேக், கரடி முகம் ஒட்டிய கோப்பை, மரப்பலகையில் குழந்தையின் பெயர் என்று வந்துகொண்டே இருக்கும். எல்லாப் படத்திலும் நடுவில் ஒரு காகிதத் தீ. டிஷ்யூ பேப்பரில் சிவப்பும் ஆரஞ்சும் நாக்கு நாக்காக, அடியில் விறகுக்குப் பதில் அட்டை உருளைகள்.

லேசி கூடாரத்தில் குடியிருக்கிறாள் என்பது ஷானாவுக்குத் தெரியும். வேலை செய்யும் இடத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். "ஏண்டி, உன் கூடாரத்து வாசல்லயே தீ எரியுதே. காகிதத் தீ எதுக்கு?"

"அதுல தெனமும் பீன்ஸ் சூடு பண்றேன். பார்ட்டின்னா காகிதத் தீதான் இருக்கணும். இல்லன்னா யாரு நம்புவா?"

எல்லாம் மலிவாகக் கிடைக்கும் டாலர் கடையில் டிஷ்யூ பேப்பர் வாங்கினாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் தீர்ந்துபோன, உணவு மூடும் பிளாஸ்டிக் தாளின் அட்டை உருளைகளைச் சேர்த்தாள். க்ளின்ட் ஒரு பலகையில் 'ஓக்லி முகாம்' என்று சுட்டு எழுதிக் கொடுத்தான். அது உண்மையிலேயே அழகாக வந்தது. அன்று இரவு இருவரும் அதை மாற்றி மாற்றிக் கையில் வைத்துப் பார்த்தார்கள்.

கஷ்டமான வேலை வேறு. குடியிருக்கும் இடத்தை, யாரும் குடியிருக்காத இடம்போல ஆக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முகாம் பராமரிப்பாளர் வெர்ன் தன் சின்ன மின்வண்டியில், லேசி தங்கியிருந்த முப்பத்தொன்றாம் எண் இடத்துக்கு வந்து நின்றார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கோடை முழுக்க வாசல் பக்கம் தன் வேன் வீட்டில் வாடகையில்லாமல் இருப்பார். பதிலுக்குக் கழிப்பறை கழுவுவார், யார் எத்தனை இரவு தங்கினார்கள் என்று கவனித்துக்கொள்வார். லேசியின் குடும்பத்தைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். கேட்டதில்லை.

வண்டியிலிருந்தபடியே சுற்றிப் பார்த்தார். "எல்லாம் ஜோராத்தான் இருக்கு. மண்ணுதான் சரியில்ல."

"மண்ணா?"

"பெருக்கியிருக்க பாரு, தொடப்பக் கோடு தெரியுது. சனி ஞாயிறு கூடாரம் போட வர்றவன் எவனும்மா மண்ணைப் பெருக்குறான்? நாலு எலையத் தூவி விடு. அந்தத் துணிக்கொடியையும் அவுத்துரு."

"சரி வெர்ன்."

"நாளன்னிக்கு மதியத்தோட உன் பதினாலு முடியுது. நாளைக்கு யார் முன்னாடியும் அதைச் சொல்ல மாட்டேன்."

லேசி மரத்தடியிலிருந்து கை நிறைய இலைகளை அள்ளி வந்து, தான் தினமும் காலையில் பெருக்கும் தரையில் கொட்டினாள். ஓக்லி அவற்றைப் பொறுக்கி அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தாள். பிறகு லேசி சாமான்களைக் காருக்கு மாற்றினாள். பாத்திரப் பெட்டி, மருந்துப் பை, கம்பளிக் கோட்டுகள், மைக்ரோவேவ் அடுப்பு. டிரெய்லரில் இருந்ததையெல்லாம் விற்றபோது அந்த அடுப்பை மட்டும் அவள் விற்கவில்லை. பின் இருக்கை கூரைவரை நிறைந்தது. மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடினாள்.

லேசி அந்தச் சனி, ஞாயிறு ஷிப்ட்டுகளை முன்பே மாற்றி வாங்கியிருந்தாள். சனிக்கிழமை பதினொரு மணிக்கு மார்லா வந்தாள். வெள்ளைக் கால்சட்டை, பெரிய பெட்டி ஒன்று, கன்னத்தில் கன்னம் வைத்து அணைப்பு. ஷானா தன் இரண்டு பையன்களோடு ஏற்கெனவே வந்திருந்தாள். க்ளின்ட் சாசேஜ் வாட்டினான். பையன்கள் மார்ஷ்மெல்லோ மிட்டாயைக் குச்சியில் செருகிக் கரியாக்கி, சாக்லேட்டோடு பிஸ்கட் நடுவில் வைத்து அமுக்கித் தின்றார்கள்.

"கூடாரம் யாருது? வாடகைக்கா?" என்றாள் மார்லா.

"ஃப்ரெண்டோடது."

"அவங்க பாவம், நல்லா வெயில்ல போட்டு வச்சிருக்காங்க. நெறமே போயிருச்சு." காகிதத் தீயைப் பார்த்து உண்மையிலேயே சந்தோஷப்பட்டாள். போனில் நாலு படம் எடுத்தாள். "நீ என் ஆபீஸ்ல இருந்திருந்தா கிறிஸ்துமஸ் பார்ட்டிய உங்கிட்டயே விட்டுருப்பேன்."

கேக் வெட்டியதும் பெட்டியைப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது ஒரு விளையாட்டுக் கூடாரம். வெள்ளைத் துணி, உள்ளே சின்னச் சின்ன விளக்குகள்.

"தீமுக்குப் பொருத்தமா வாங்கினேன். ஹால்ல விரிச்சு வைங்க, உள்ள உக்காந்து வெளையாடட்டும். உங்க ஹால் எவ்ளோ பெருசு?"

"பத்துக்குப் பன்னெண்டு" என்றாள் லேசி.

க்ளின்ட் சாசேஜைத் திருப்பிப் போட்டான். அது ஏற்கெனவே கருகியிருந்தது.

இரண்டு மணிக்கு மழை பிடித்தது. ஏரியைச் சுற்றியிருக்கும் ஓசார்க் மலையில் ஆகஸ்ட் மழை கேட்டுக்கொண்டு வராது. ஷானா பையன்களை அள்ளிக்கொண்டு வேனுக்கு ஓடினாள், அப்படியே கையசைத்துவிட்டுப் போனாள். காகிதத் தீ கரைந்து சிவப்புத் தண்ணீராக மேசையிலிருந்து ஒழுகியது. மற்றவர்கள் மார்லாவின் காரைப் பார்த்து ஓடுகையில் ஓக்லி மட்டும் கூடாரத்துக்குப் போனாள். வாசலில் உட்கார்ந்தாள். ஒரு ஷூவைக் கழற்றினாள், இன்னொன்றைக் கழற்றினாள், இரண்டையும் ஓரத்திலிருந்த நீல வாளியில் போட்டாள். ஜிப்பைத் தன் உயரத்துக்கு இழுத்து உள்ளே நுழைந்து, இரண்டு தலையணைக்கு நடுவில் தன் இடத்தில் படுத்துக்கொண்டாள்.

"பாத்தியா இவள" என்று சிரித்தாள் மார்லா. "என்னமோ தெனமும் செய்யற மாதிரி. அய்யோ, தொப்பலா நனைஞ்சிருக்கா. மாத்துத்துணி கார்லதானே?"

"நான் எடுக்கறேன் மார்லா, நீங்க உள்ள..."

மார்லா ஓடிவிட்டாள். லேசியின் காரின் பூட்டு எப்போதோ கெட்டுப்போனது. அவள் கதவைத் திறந்ததும் போர்வை சரிந்தது, அதோடு கோட்டுகள் சேற்றில் விழுந்தன. மேலே மைக்ரோவேவ் தெரிந்தது. மார்லா மழையில் நின்று அதைப் பார்த்தாள். குனிந்து ஒரு கோட்டை எடுத்தாள். இருப்பதிலேயே சின்னது. வரப்போகும் குளிருக்காக ஓர் அளவு பெரிதாக வாங்கியது, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

கோட்டோடு கூடாரத்துக்கு வந்தாள். வெள்ளைக் கால்சட்டை முழங்கால்வரை சேறு. உள்ளே வந்து உட்கார்ந்தாள். லேசியும் க்ளின்ட்டும் பின்னாலேயே நுழைந்தார்கள். நான்கு பேருக்கு அது மிகவும் சின்ன இடம். ஓக்லி தூங்கிப்போயிருந்தாள், கன்னத்தில் மார்ஷ்மெல்லோ ஒட்டியிருந்தது.

"எப்பலேர்ந்து?" என்றாள் மார்லா.

"மே."

"அந்த நாய்?"

"எந்த நாய்?"

"ராத்திரியெல்லாம் கொரைக்குதுன்னியே."

"நாயெல்லாம் இல்ல மார்லா."

மார்லா தலையாட்டினாள். கோட்டின் சேற்றைக் கையாலேயே தேய்த்துக்கொண்டிருந்தாள். "அக்டோபர்ல இங்க மூடிருவாங்கல்ல?"

"கடைசி வாரம்."

"அப்புறம்?"

லேசி தயாராக இருந்தாள். மார்லா கத்துவாள், போலீஸ் என்பாள், கோர்ட் என்பாள். அதற்கெல்லாம் என்ன பதில் சொல்வது என்று பல நாட்கள் பாத்திரம் கழுவியபடி யோசித்து வைத்திருந்தாள். மார்லா அவற்றில் ஒன்றையும் சொல்லவில்லை.

"ஏப்ரல்ல நான் கேட்டேன். இப்ப கேக்க மாட்டேன். நீங்களே சொல்லுங்க."

லேசி க்ளின்ட்டைப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், கோடை முழுக்க இருந்த மாதிரி.

"கூட்டிட்டுப் போ மார்லா" என்றான் க்ளின்ட்.

"க்ளின்ட்."

"நவம்பர்ல என்ன பண்ணுவ? சொல்லு, கேக்கறேன். நெஜமாத்தான் கேக்கறேன்."

அட்டை உருளைக்கு எந்தப் பசை, கேக்கின் மேல் பிஸ்கட்டில் எத்தனை மரம் என்பது வரைக்கும் திட்டம் போட்டவளுக்கு, நவம்பருக்கென்று சொல்ல ஒரு வார்த்தை இல்லை. குழந்தையின் கன்னத்திலிருந்த மார்ஷ்மெல்லோவை நகத்தால் சுரண்டி எடுத்தாள். அது வருவதற்கு நேரம் பிடித்தது.

மார்லா அன்றிரவு நெடுஞ்சாலை ஓரம் ஒரு விடுதியில் தங்கினாள். ஞாயிறு காலை வந்தபோது லேசி துணிப்பையைக் கட்டி வைத்திருந்தாள். குழந்தையைக் கார் இருக்கையில் மாட்டிவிட்டு, பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"குளியல் தொட்டியில மெதுவா எறக்குங்க. ஷவர்லயே பழகிட்டா, தொட்டின்னா என்னன்னு அவளுக்குத் தெரியாது."

"சரி."

"தூங்கறப்ப வெளிச்சம் வேணாம். இருட்டுக்குப் பயப்பட மாட்டா."

"சரி லேசி."

ஓக்லி ஜன்னல் வழியாகக் கூடாரத்தைக் காட்டி ஏதோ சொன்னாள். கண்ணாடி மூடியிருந்ததால் கேட்கவில்லை.

முதியோர் இல்லத்தில் லேசிக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை விடுமுறை. அன்று அவள் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போய் மகளைப் பார்க்கலாம் என்று பேச்சு. முதல் புதன் செப்டம்பர் மூன்றாம் தேதி வருகிறது.