டொக்டர்தான் கொலைகாரன்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வளவை ஆட்டிப்படைத்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பணக்காரக் கிழவரைக் கொன்றது யார்? கிழவர் செத்தது எங்கள் ஊரான உடுவிலில் அல்ல, தொலைக்காட்சியில். சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு வந்த துப்பறியும் தொடர் அது. வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாலும் பெரியப்பா மோட்டரை நிறுத்திவிட்டு ஓடிவந்துவிடுவார்.

பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளைகள் இல்லை. முன்வீடு அவர்களுடையது, பின்வீடு எங்களுடையது. இருவருக்கும் நடுவில் இருந்து பார்ப்பது என் உரிமை. பெரியப்பாவின் கட்சி, கொலைகாரன் தொடரில் வரும் டொக்டர். "எந்த நேரமும் கையைக் கழுவிக்கொண்டு நிக்கிறான், பார்" என்பார். பெரியம்மா கிழவரின் மருமகனை விடுவதாக இல்லை. "மாமன் செத்த அண்டைக்கு ரெண்டாந்தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டவன். உவனை விட்டால் வேறை ஆர்?" மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுக்கும் இருவரும் இதில் மட்டும் ஓர் அங்குலம் அசையவில்லை. நானோ வாரத்துக்கு ஒரு கட்சி மாறினேன்.

கடைசி அத்தியாயத்துக்கு ஒரு கிழமை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை தோட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த பெரியப்பா பிறகு எழும்பவில்லை.

துடக்கு வீட்டில், அதாவது சாவுத் தீட்டு உள்ள வீட்டில், முப்பத்தொரு நாளும் தொலைக்காட்சி போடக்கூடாது. அம்மா அதை வெள்ளைத் துணியால் மூடிவிட்டார். எனக்குப் பெரியப்பா என்றால் உயிர். மூன்று நாள் அழுதேன். நாலாம் நாள் கொலைகாரன் யார் என்ற கேள்வி திரும்பவும் வந்து மண்டையைக் குடைந்தது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அது போகவில்லை.

சனிக்கிழமையும் வந்தது. மறுநாள் எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு. படையலுக்குப் பலகாரம் சுடுவதில் பெண்கள் எல்லோரும் அடுப்படியில் இருந்தார்கள். நான் வேலி இடுக்கில் இருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து பக்கத்து வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டு மாமி வாசலிலேயே மறித்தார்.

"உள்ளுக்கை வராதை பிள்ளை, உங்களுக்குத் துடக்கு. நான் விரதம். யன்னலடியிலை நில்."

சொன்னதோடு நிற்காமல் தொலைக்காட்சியை யன்னல் பக்கம் திருப்பி, சத்தத்தையும் கூட்டிவிட்டார். தான் சுவரோரம் இருந்து கழுத்தை வளைத்துப் பார்த்தார். துடக்கு யன்னல் கம்பியைத் தாண்டாது என்பது மாமியின் சட்டம்.

கொலைகாரன் மருமகன்தான். கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். டொக்டர் பாவம், வெறும் சுத்தக்காரர்.

திரும்பி வந்தபோது பெரியம்மா அறைக்குள் பாயில் படுத்திருந்தார். அந்த ஏழு நாளும் அவர் யாருடனும் சரியாகக் கதைக்கவில்லை. என்னைக் கண்டதும் எழுந்து இருந்தார்.

"நீ பொட்டுக்குள்ளாலை போனதை நான் கண்டனான். ஆர் பிள்ளை செய்தது?"

அவரைச் சிரிக்கவைக்க இதைவிட நல்ல செய்தி ஏது? "நீங்கள்தான் வெண்டனீங்கள் பெரியம்மா! மருமகன்!"

அவர் சிரிக்கவில்லை. பாயின் ஓரத்தை இழுத்து நேராக்கினார்.

"இல்லை, நீ வடிவாய்ப் பாக்கேல்லை. டொக்டர்தான்."

"அவனே தன்ரை வாயாலை சொன்னவன்!"

"ஆரையோ காப்பாத்தப் பொய் சொல்லியிருப்பான். டொக்டர்தான். உன்ரை பெரியப்பா முதல் நாளே சொன்னவர்."

கைவிலங்கைச் சொன்னேன், இரத்தம் பட்ட சட்டையைச் சொன்னேன். பெரியம்மா மசியவில்லை. மறுநாள் எட்டுச்செலவுக்கு வந்தவர்களிடமும், "அவர் சொன்னதுதான் கடைசியிலை சரி வந்தது" என்றார். வந்தவர்களில் பாதிப்பேர் அந்தத் தொடரைப் பார்த்தவர்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை. "ஓம் ஓம், டொக்டர்தான்" என்று தலையாட்டினார்கள். ஊரே சேர்ந்து உண்மையை மூடுகிறது என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"பெரியம்மா பொய் சொல்லுறா!" என்று எல்லோருக்கும் முன்னால் கத்தினேன்.

அம்மா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டுபோய் முதுகில் இரண்டு போட்டார். உண்மை சொன்னதற்கு அடியா என்று விம்மி விம்மி அழுதேன். அம்மா போனபிறகு பெரியம்மாதான் வந்தார். சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தார். பிறகு யாராவது நிற்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் கேட்டார்.

"மருமகன் ஏன் பிள்ளை அப்பிடிச் செய்தவன்?"

சொத்துக்காக என்று விலாவாரியாக விளக்கினேன். ஒன்றும் விடாமல் கேட்டார். வென்றது தெரிந்தும் அவர் ஏன் தோற்றார் என்பது மட்டும் எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.