எங்கே போறீங்கன்னு கேளுங்க

நான் விமானி, சொந்த ஊர் உத்திரமேரூர் பக்கம். சமீபத்தில் சென்னையில் விமானம் கிளம்பும் நேரத்தில் ஓடுபாதையை மாற்றினார்கள். மேலேறியதும் திரும்பவேண்டிய பக்கமும் அதோடு மாறும். ஓய்வில்லாமல் பறந்த களைப்பில் கணினியில் பழைய வழியை மாற்ற மறந்து, வலப்பக்கத்துக்குப் பதில் இடப்பக்கம் திரும்பிவிட்டேன். அங்கே இன்னொரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அறை பதறிக் கத்தியதால் தப்பினோம்.

"தப்போன்னு தோணுச்சு சார். கிளம்புற நேரத்துல எப்படிக் கேக்கறதுன்னு விட்டுட்டேன்" என்றார் துணை விமானி.

ஊரில் அம்மாவிடம் சொன்னேன். "நீ கெளம்பசொல்ல எங்க போறன்னு நானே கேக்கறதில்ல நைனா. கேட்டா போற காரியம் ஆவாது" என்றார்.

இப்போதெல்லாம் ஓடுபாதையில் ஏறுமுன் துணை விமானியிடம், "எங்கே போறீங்கன்னு என்னைக் கேளுங்க" என்கிறேன். அலுப்பாக இருந்தாலும் எந்த ஓடுபாதை, எந்தப் பக்கம் திரும்புவேன் என்று பதில் சொல்லிவிட்டே கிளம்புகிறேன்.

அம்மா மட்டும் இன்னும் கேட்பதில்லை.