மூன்று தட்டு

நம்புங்கள் என்று கெஞ்சப் போவதில்லை. எனக்கே இதை நம்பப் பிடிக்கவில்லை. ஆனால் நடந்தது. போன பிப்ரவரி, கடைசி ஞாயிறு, காலை 11.40. பட்டப்பகலில், கடலில்.

எங்களுக்குக் கம்பைநல்லூர் பக்கம். அங்கே கடல் ஏது? கிணறுதான். மண்டபம் போய் மாஸ்க் போட்டு, குழாயில் மூச்சு விட்டபடி பவளப்பாறை பார்க்க வேண்டும் என்று என் மகள் கலைமதி ஒற்றைக் காலில் நின்றாள். பதினொரு வயது, ஒரே பிள்ளை. மாஸ்க் வாங்கிக் கொடுத்து, ஒரு வாரம் எங்கள் கிணற்றிலேயே பழக்கினோம்.

கிணற்றில் முங்குவதற்கு எங்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. படியில் ஓர் ஆள் உட்கார வேண்டும். அவர் கல்லால் மூன்று முறை தட்டினால் 'மேலே வா'. உள்ளே இருப்பவர் பதிலுக்கு மூன்று முறை தட்டினால் 'வர்றேன்'. ஆள் இல்லாமல் யாரும் முங்கக் கூடாது. அந்த வாரம் முழுக்கப் படியில் உட்கார்ந்து தட்டியவன் என் மச்சினன் பூவரசன்.

சனிக்கிழமை கிளம்பும் நேரத்தில் கலைமதியின் மாஸ்க் கிணற்றில் விழுந்துவிட்டது. ஒரே அழுகை.

"அழுவாத சாமி. மாமா எடுத்து வக்கிறேன். அங்க வாடகைக்கு வாங்கிக்க" என்றான் பூவரசன்.

தனியா எறங்காதடா என்று சொல்ல வாயெடுத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சொல்லவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போன்களைக் கரையில் லாக்கரில் வைத்துவிட்டுப் படகேறினோம். என் மனைவி பானுமதி படகிலேயே இருந்துகொண்டாள். நானும் கலைமதியும் கை கோத்தபடி மிதந்தோம். கீழே மான் கொம்பு போலப் பவளம், மஞ்சள் மீன்கள். எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. காரணமே இல்லாமல் கரையையும் கைக்கடிகாரத்தையும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

11.40.

டொக்... டொக்... டொக்.

தலையைத் தூக்கினேன். சத்தம் இல்லை. "ஏதாச்சும் தட்டுனீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்களே. எஞ்சினும் ஆஃப்லதான் இருக்கு" என்றார் படகுக்காரர்.

மறுபடி முகத்தைத் தண்ணீரில் வைத்தேன்.

டொக்... டொக்... டொக்.

கல்லின் மேல் கல். எனக்குத் தெரிந்த தட்டு.

கீழிருந்து வந்தது.

கலைமதியின் கை என் கையை இறுக்கியது. குழாயைத் துப்பிவிட்டுச் சொன்னாள். "அப்பா... பூவரசன் மாமா தட்டறாரு."

அவளை இழுத்துக்கொண்டு படகுக்கு நீந்தினேன்.

டொக். டொக். டொக்.

இன்னும் பக்கத்தில்.

ஏணியைப் பிடித்ததும் கலைமதி பழக்க தோஷத்தில் படகுப் பலகையில் மூன்று முறை தட்டினாள்.

சத்தம் நின்றது.

12.50. லாக்கரைத் திறந்தேன். பதினேழு மிஸ்டு கால்.

அன்று காலை ஆறரைக்குப் பூவரசன் தனியாகக் கிணற்றில் இறங்கியிருக்கிறான். மோட்டார் கயிற்றில் கால் சிக்கிவிட்டது. இடது கையில் கலைமதியின் மாஸ்க். வலது கையில் ஒரு கல், இறுக்கிப் பிடித்தபடியே.

புல் அறுக்கப் போன பழனியம்மாள் காதில் அந்தத் தட்டு விழுந்திருக்கிறது. "ஒரு வாரமா கேக்குற சத்தந்தானேன்னு போயிட்டேன் சாமி..." என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

உடலை மேலே எடுத்தது பத்தரைக்கு. எங்களுக்குக் கேட்டது 11.40.

கிணற்றை இரும்பு வலை போட்டு மூடிவிட்டோம். நான் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தை என்னைத் தூங்க விடுவதில்லை.

முந்தாநாள் சாப்பிடும்போது கலைமதி தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"அப்பா... நான் 'வர்றேன்'னு மாமாவுக்குத் தட்டிட்டேனே. எப்பப் போறது?"