குழியக்காவின் இரண்டு கண்

எலுமிச்சம்பழ அளவு மண்ணை உள்ளங்கையில் வைத்து, சிறு குப்பியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பிசைகிறார் குழியக்கா. பதம் வந்ததும் அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நெருடி நெருடி முன்னால் தள்ளுகிறார். மண் பட்டையாக நீள்கிறது. நீண்டுகொண்டே போய், தன் பாரம் தாங்காமல் ஒடிந்து விழுகிறது. எவ்வளவு நீளத்தில் ஒடிகிறது என்பதைப் பார்த்து, அதில் களி எவ்வளவு, மணல் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால், "இருப்பா, உடையட்டும்" என்பார். அதே கை, துடைத்தும் துடைக்காமலும், பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். அந்த டப்பாவிலிருந்து எங்கள் அலுவலகத்தில் வேறு யாரும் எடுப்பதில்லை.

எங்களுடையது மண் ஆய்வு அலுவலகம். ஒரு நிலத்தில் இருப்பது என்ன மண், அது எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று சொல்வது எங்கள் வேலை. ஆளுயரத்துக்குக் குழி வெட்டவைத்து, ஏணி போட்டு இறங்கி, சுவரைக் கத்தியால் கீறி அடுக்கடுக்காகப் பார்ப்பது அக்காவின் பங்கு. அதனால் வந்த பெயர்தான் குழியக்கா. பெயர் வைத்தது நான்தான் என்று அவருக்குத் தெரியும். பதிலுக்கு என்னை "மழைக்காரா" என்று கூப்பிடுகிறார். மழை, வெயில், காற்று எல்லாவற்றின் கணக்கும் என் மேசையில் இருக்கிறது. சேறு மட்டும் எனக்கு ஆகாது. ஜீப்பிலிருந்து காலை வைப்பதற்கு முன் தரையை ஒருமுறை பார்த்துக்கொள்வேன். "இவன் மழையெல்லாம் ஆபீஸ் மொட்டைமாடியில பேஞ்ச மழை" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார்.

அவரை ஏற்றிக்கொண்டு போவது டிரைவர் அண்ணனுக்குப் பெரும்பாடு. சாலையோரம் எங்கே வெட்டியிருந்தாலும் வண்டி நின்றாக வேண்டும். யாராவது வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டியிருந்தால் போச்சு, அன்றைக்கு மதியச் சாப்பாடு சாயங்காலம்தான். அவருடைய பெரிய மாமனார் இறந்தபோது எல்லோரும் அழுதுகொண்டிருக்க, இவர் மட்டும் புதைகுழியின் ஓரத்தில் நின்று எட்டி எட்டிப் பார்த்தாராம். "மனுஷனுக்கு நல்ல இடமா அமைஞ்சிருக்கு, தண்ணியே நிக்காதுன்னு ஆறுதலாத்தான்பா சொன்னேன்" என்கிறார். நாத்தனார் இன்றுவரை அவரோடு பேசுவதில்லை.

மனிதர்களையும் அவர் இதே கண்ணால்தான் பார்க்கிறார். மகளுக்கு வரன் வந்தபோது, "பையன் மேலாப்புல நல்லாத்தான் இருக்கான். ரெண்டடி தோண்டிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். தோண்டவும் செய்தார். பையன் எப்படியோ தேறிவிட்டான். புதிதாக வந்த எங்கள் மேலதிகாரி தேறவில்லை. "மேல்மண்ணு மட்டும்தான். கீழ ஒரே பாறை" என்று ஒரே வாரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அது அதிகாரியின் காதுக்கும் போயிற்று. அக்கா கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அவரிடம் ஒரு நிற அட்டைப் புத்தகம் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் சிறு சிறு நிறச் சதுரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஈரமண்ணைச் சதுரத்தின் பக்கத்தில் பிடித்து, எதோடு ஒத்துப்போகிறதோ அந்த எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும். மண்ணின் நிறம் சும்மா அழகுக்கு இல்லை. மண்ணில் இருக்கும் இரும்பு காற்றுப் பட்டால் துருவேறிப் பழுப்பாக இருக்கும். தண்ணீர் தேங்கிக் காற்று புகாமல் போனால் சாம்பல் நிறமாகிவிடும். சாம்பல் என்றால் அங்கே போகிற வேர் மூச்சுமுட்டிச் சாகும். இவ்வளவு முக்கியமான புத்தகத்தைக் கொஞ்ச காலமாக அக்கா சரியாகத் திறப்பதில்லை. வெறும் கண்ணால் பார்த்தே எண்ணைச் சொல்லிவிடுவார். கேட்டால், "தினம் சமைக்கிறவ உப்பை அளந்தா போடுறா?" என்பார். எண்களும் சரியாகத்தான் இருந்தன. எங்களுக்கும் அதில் ஒரு பெருமை, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

இப்படி இருக்கையில்தான் தோட்டக்காரம்மா வந்தார். நாற்பது வயதுக்காரர், கணவர் இல்லை, சரிவில் ஒரு நிலம். அதற்கு முன் வேறோர் இடத்தில் பழமரம் வைத்து, பிள்ளைபோல வளர்த்து, காய்க்கிற வருஷம் பார்த்து வேர் அழுகி எல்லாம் பட்டுப்போயின. "இன்னொரு தடவை தாங்க மாட்டேன். நடலாம்னு நீங்க சொன்னா நடுறேன், இல்லேன்னா விட்டுடுறேன்" என்றார். குழிகள் வெட்டினோம். அடியில் களி அதிகம், தண்ணீர் இறங்குவது சந்தேகம் என்றது ஆய்வகம். மழைக்காலத்தில் மண் குடிப்பதைவிடப் பெய்வது அதிகம் என்றது என் கணக்கு. சரிவு மட்டும், தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும் என்றது. ஆளுக்கொரு பேச்சு. கடைசியில் நிறத்தைக் கேட்டோம். மேலிருந்து கீழ்வரை பழுப்பு, சாம்பலே இல்லை, தாராளமாக நடலாம் என்று அக்கா சொன்னார். அந்தச் சொல்லை நம்பித் தோட்டக்காரம்மா கன்றுகளுக்குச் சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் அக்காவுக்குக் கண்ணில் புரை என்று வலது கண்ணை அறுவை செய்தார்கள். இடது கண் அடுத்த மாதம். கட்டுப் பிரித்த அன்று வீட்டில் அவர் கணவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் துவைப்பது அவர்தான். அக்கா ஒரு பனியனை எடுத்து வலது கண்ணால் பார்த்தார். நீலம் போட்டு அலசியது போலப் பளிச்சென்று இருந்தது. இடது கண்ணால் பார்த்தார். அதே பனியன், காப்பிக் கறை ஏறியது போலப் பழுப்பு.

"ஐயோ, இத்தனை வருஷமா அழுக்குப் போகலைன்னு உங்களைத் திட்டிக்கிட்டு இருந்தேனே. வெள்ளையாத்தான் இருந்திருக்கு!"

"இப்பவாவது தெரிஞ்சுதே" என்றாராம் கணவர், மடிப்பதை நிறுத்தாமல்.

இருவரும் சிரித்தார்கள். கணவர் சிரித்துக்கொண்டே இருக்க, அக்காவின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது. எனக்குப் போன் வந்தது. "மழைக்காரா, அந்தச் சரிவுல நான் பாத்தது பழுப்பு மண்ணா, என் பழுப்புக் கண்ணா?"

குறிப்புத்தாளில் எண் இருந்தது. ஆனால் அட்டையோடு வைத்துப் பார்த்து எழுதியதா, உப்புப் போடுவது மாதிரி கைக்கணக்கில் எழுதியதா என்று தாள் எப்படிச் சொல்லும்? அக்காவுக்கும் நினைவில்லை. நான் வழக்கம்போல ஜீப்பில் உட்கார்ந்திருந்தேன். டிரைவர் அண்ணனைக் கேட்டால், "புக்கைத் திறந்த மாதிரிதான் இருந்துச்சு. சத்தியம் பண்ணச் சொல்லாதீங்க" என்றார். அறிக்கை கொடுத்தாயிற்று, இனி கிளறாதீர்கள் என்றார் மேலதிகாரி. உள்ளதைச் சொன்னால், எனக்கும் அதுவே நல்ல யோசனையாகப் பட்டது.

அக்கா என்னை ஒரு பிடி பிடித்தார். "கன்னை வெச்சா நாலஞ்சு வருஷம் கழிச்சுத்தான் செத்துப்போகும். அன்னிக்கு அந்தப் பொண்ணு மூஞ்சில நீ போய் முழிக்கிறியா?"

குனியக்கூடாது, தூசி படக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். "அவளைக் குழியில இறக்கினீங்க, உங்க ரெண்டு பேரையும் சும்மா விடமாட்டேன்" என்று கணவர் வாசலில் நின்று எச்சரித்து அனுப்பினார். அப்படியானால் குழியில் யார் இறங்குவது? டிரைவர் அண்ணன் வானத்தைப் பார்த்தார். முந்தின நாள்தான் மழை பெய்திருந்தது. மொட்டைமாடி மழை இல்லை, அசல் மழை. நான் பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினேன். முதல் அடியிலேயே செருப்பு உள்ளே போய்விட்டது.

சரிவின் கீழ்மூலையில் முதல் குழி. தோட்டக்காரம்மா முன்பே வெட்டிவைத்திருந்தார். விஷயத்தை அக்கா அவரிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். பாவம், அந்த அம்மா கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற நிலையை என்னால் பார்க்க முடியவில்லை. "இன்னும் கீழ. இன்னும். அதான், அந்தக் கட்டியைப் பேத்துக் குடு" என்று மேலேயிருந்து அக்கா வேலை வாங்கினார். முகத்தில் வெயில் படாமல் டிரைவர் அண்ணன் குடை பிடிக்க, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கட்டியைப் பிட்டார். வலது கண்ணைப் பொத்தி இடது கண்ணால் பார்த்தார். பழுப்பு. இடது கண்ணைப் பொத்தி வலது கண்ணால் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இருக்கு" என்றார். பழுப்புக்கு நடுவே பொடிப் பொடியாகச் சாம்பல் புள்ளிகள். எங்கள் எல்லோருக்கும் தெரிந்தன. அவருடைய பழைய கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை.

"நான்தான்மா தப்பாச் சொன்னேன். இந்த மூலையில தண்ணி நிக்குது. இங்க ஒரு கன்னுகூட வேண்டாம்."

தோட்டக்காரம்மா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அவரே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "மூலைதானேக்கா. போனாப் போகுது, மாட்டுக்குப் புல்லுப் போட்டுக்கிறேன். மேல பாத்துச் சொல்லுங்க."

மேலே இரண்டாவது குழி. நிலத்தில் பெரும்பகுதி அந்த மேட்டில்தான் இருந்தது. அது போனால் எல்லாம் போன மாதிரி. தரையைப் பார்க்காமலே இறங்கினேன். ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் கட்டி பெயர்த்துக் கொடுத்தேன். இந்த முறை அக்கா புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தார். கட்டியைச் சதுரத்தின் பக்கத்தில் பிடித்து, இடது கண்ணால் பார்த்து ஓர் எண் சொன்னார். வலது கண்ணால் பார்த்து ஓர் எண் சொன்னார். இரண்டும் ஒரே எண். அடுத்த கட்டி. அதுவும் ஒரே எண். தாளில் அன்று எழுதியிருந்ததும் அதே எண்தான். புள்ளி ஒன்றுகூட இல்லை. நான் கொடுத்த கடைசிக் கட்டியைத் துகள் துகளாக உதிர்த்துப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"கண்ணு பொய்தான் சொல்லியிருக்கு, மழைக்காரா. ஆனா மண்ணுக்கும் அட்டைக்கும் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கு. அதான் ஜோடி மாறல. இங்க புக்கைத் திறந்துதான் பாத்திருக்கேன். கீழதான் கொழுப்பெடுத்துப் போய்த் திறக்காம விட்டிருக்கேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. குழிக்குள் நின்றுகொண்டு கையைத் தட்டினேன், சேறு என் மூஞ்சியிலேயே தெறித்தது. டிரைவர் அண்ணன் சிரித்த சிரிப்பில் குடை ஆடியது. தோட்டக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நடலாமாக்கா?"

அக்கா மண்வெட்டியை எடுத்து என்னிடம் நீட்டி, மூடு என்று கை காட்டினார். பார்த்து முடித்த குழியை அவர் திறந்து போட்டதே கிடையாது. ஆடு மாடு விழுந்துவிடும், அடிமண் அடியிலும் மேல்மண் மேலேயும் போய்ச் சேர வேண்டும். மேலே ஏறி, அந்த ஒழுங்கிலேயே தள்ளிக்கொண்டு வந்தேன். குழி முழங்கால் ஆழத்துக்கு வந்தபோது, "போதும்" என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வேலியோரம் நிழலில் அடுக்கியிருந்த கன்றுகளிடம் போனார். குனியாமல் உட்கார்ந்து ஒன்றைப் பையோடு தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து, என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தோட்டக்காரம்மாவின் இரண்டு கையிலும் வைத்தார்.